நோர்பெர்ட் கிடந்த இடம்

எங்கள் பந்துருட்டும் குழு ஆண்டுக்கு ஒருமுறை வெளியூர் போகும். வாரம் ஒருநாள் விடுதியின் அடித்தளத்தில் பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்த்துவிட்டு பீர் குடிக்கிற கூட்டம்தான். ஆனால் அந்தப் பயணத்துக்கு மட்டும் எல்லோரும் கல்யாணத்துக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு வருவோம். அந்த ஆண்டு இடம் சொல்லும் முறை எங்கள் குழுவின் வாயாடி ஹார்ட்முட்டுடையது.

"ஹார்டெஸ்போர்ன் மடாலயக் கோயில். பழைய கோயில், எதிர்லயே நல்ல கேக் கடை. ஆத்துமாவுக்கும் ஆச்சு, வயித்துக்கும் ஆச்சு" என்றார் அவர்.

என் கணவர் லோதார் குடித்துக்கொண்டிருந்த பீரைக் கீழே வைத்தார். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போது, "நீ மட்டும் போயிட்டு வாயேன், ஹைட்ரூன்" என்றார்.

"ஏன்?"

"முட்டி வலிக்குது."

"முட்டி வலிக்கிற ஆளுதான் நேத்து ஏணி மேல நின்னு கூரைக்குழாய்ல இலை அள்ளினதா? பேசாம வா."

வந்தார். அவர் ஓர் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர் என்பது எனக்குத் தெரியும். அம்மா இறந்து, அப்பா வேறொருத்தியோடு போய், இல்லம். அங்கிருந்து தச்சுப் பட்டறை. எந்த ஊர் என்று கேட்டபோதெல்லாம், "மலைக்கு அந்தப் பக்கம்" என்பார். கல்யாணமான புதிதில் இரண்டு மூன்று தடவை கேட்டிருப்பேன். அப்புறம் விட்டுவிட்டேன். உலகப் போருக்குப் பின் பிறந்த எங்கள் தலைமுறையில் எல்லா வீட்டிலும் திறக்காத ஓர் அறை இருந்தது. எங்கள் வீட்டில் இது.

அக்டோபர் மாதம். பேருந்து மலையேறும்போதே தூறல் பிடித்துக்கொண்டது. ஹார்ட்முட் மைக்கை வாங்கிக்கொண்டு பழைய நகைச்சுவைகளைத் திரும்பச் சொன்னார். நாங்களும் திரும்பச் சிரித்தோம். லோதார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். கோயிலின் இரட்டைக் கோபுரம் தெரிந்ததும் அவர் கை முன்சீட்டின் கம்பியைப் பிடித்தது. ஊர் வந்து பேருந்து நின்ற பிறகும் அதை விடவில்லை.

கோயில் வாசலில் திருமதி ப்ரூனிங் என்ற அம்மாள் எங்களுக்காகக் காத்திருந்தார். உள்ளூர்க்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கோயிலைச் சுற்றிக்காட்டுகிறவர்.

"கதவைப் பார்த்துத் தள்ளுங்க. அது என்னைவிட வயசானது, ஆனா என்னைவிட நல்லா இருக்கு" என்று சொல்லி, நாங்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து உள்ளே அழைத்துப் போனார்.

உள்ளே ஈரக் கல்லின் வாசனை. வெள்ளையடித்த உயரமான தூண்கள், சாம்பல் வெளிச்சம். ப்ரூனிங் அம்மாள் துறவிகளின் கல்லறைப் பலகைகளைக் காட்டினார். தீப்பிடித்து எரிந்ததையும் மறுபடி கட்டியதையும் சொன்னார். துறவிகளை விரட்டியபின் மடம் படைவீரர்களின் லாயமாக இருந்ததாம், பிறகு தானியக் கிடங்காம், கடைசியில் துறவுக் கன்னியர்கள் நடத்திய சிறுவர் இல்லமாம்.

"அதோ மேல மாடம் தெரியுதா? இல்லத்துப் பசங்க அங்கதான் நின்னு பாடுவாங்க. வானத்துல இருந்து தேவதூதருங்க இறங்கின மாதிரி இருக்கும்னு எங்கம்மா சொல்லிச்சொல்லி மாய்ஞ்சு போவாங்க. இந்தக் கோயில்ல ஒரு குரல் எழுந்தா அடங்கவே மனசு வராது. வேணும்னா நீங்களே பாடிப் பாருங்க. கூச்சப்படாதீங்க, மத்த குழுவெல்லாம் உங்களைவிட மோசமாப் பாடியிருக்கு."

எல்லோருக்கும் தெரிந்த ஒரு மாதா பாட்டைப் பெண்கள் ஆரம்பித்தார்கள். ஹார்ட்முட் லோதாரின் தோளில் தட்டினார்.

"நீ வாயைத் தொறந்து நான் பார்த்ததெல்லாம் பீர் குடிக்கத்தான்டா. இன்னைக்காவது ஒரு வரி பாடு."

லோதார் பாடி நானும் கேட்டதில்லை. கிறிஸ்துமஸ் மரத்தடியில் நானும் பிள்ளைகளும் பாடும்போது உதட்டை மூடிக்கொண்டு நிற்பார். குரல் வராது போலிருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அன்று பாட்டின் இரண்டாவது அடியில் திரும்பிப் பார்த்தேன். அவர் இருந்த இடம் காலியாக இருந்தது. பக்கவாட்டுக் கதவு ஆடிக்கொண்டிருந்தது.

எங்களுக்கெல்லாம் அது கோயிலின் ஒரு மூலைக் கதவு, அவ்வளவுதான். யாரும் காட்டாமலே அதன் வழியாகப் போகிறவருக்கு இந்த இடம் பழக்கமானது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கதவுக்கு வெளியே சுற்றுத் தாழ்வாரம், அதைக் கடந்தால் கல்லறைத் தோட்டம். லோதார் கடைசிச் சுவரோரம் நின்றிருந்தார். தலையில் தொப்பி இல்லை. அங்கே கல்லறை எதுவும் இல்லை. புல்தரை, ஒரு தண்ணீர்க் குழாய், சங்கிலியில் மாட்டிய பச்சைப் பூவாளிகள். அவர் குனிந்து காலால் புல்லை விலக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன தேடுற, லோதார்? நனையிற பாரு."

"சிலுவை. மரச்சிலுவை. இந்தச் சுவரோரமா ஒரு வரிசை இருந்துச்சு."

"யாரோடது?"

"நோர்பெர்ட்டோடது."

"எந்த நோர்பெர்ட்?"

"என் தம்பி."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. இந்த மனிதனுக்கு ஒரு தம்பி இருந்தான் என்று எனக்குத் தெரியாது.

மழையில் நின்றபடியே சொன்னார். எதிரே இருந்த சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். அப்பா இரண்டு பேரையும் சேர்த்துத்தான் இங்கே கொண்டுவந்து விட்டாராம். நோர்பெர்ட்டுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயதுகூட இல்லை. இரவில் படுக்கையை நனைப்பான். நனைத்த பிள்ளைகள் காலையில் அந்த ஈர விரிப்பைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் நிற்க வேண்டும், அது காயும்வரை. பனிக்காலத்தில் அது எப்படிக் காயும்? நோர்பெர்ட்டுக்குக் கை தாங்காது. லோதார் அவன் பின்னால் போய் நின்று ஒருநாள் விரிப்பைத் தாங்கிப் பிடித்தார். அதற்காக இருவரையும் வெவ்வேறு கூடத்தில் போட்டுவிட்டார்கள்.

"எனக்கு நல்ல குரல்னு மாடத்துல பாட வெச்சாங்க. பாடுற பசங்களுக்கு ஞாயித்துக்கிழமை ஒரு முட்டை உண்டு. அவனுக்குக் காய்ச்சல் வந்து நோயறையில போட்டாங்க. பார்க்க விடல. மறைமாவட்ட ஆயர் வர்ற வாரம் அது. எங்களுக்குப் பயிற்சி மேல பயிற்சி."

"அப்புறம்?"

"ஆயர் வந்தாரு. நான் தனியா ஒரு பாட்டு பாடினேன். எல்லாரும் திரும்பி மாடத்தைப் பார்த்தாங்க, ஹைட்ரூன். எனக்கு அவ்வளவு பெருமை. ஆயர் கூப்பிட்டு ஒரு சாக்லேட் குடுத்தாரு. பாதியைத் தின்னுட்டு மீதியை அவனுக்குன்னு சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு நோயறைக்கு ஓடினேன். கட்டில்ல மெத்தை இல்ல. வெறும் கம்பி. தலைமை சிஸ்டர் வந்து, உன் தம்பி உன் பாட்டைக் கேட்டுக்கிட்டே விண்ணகம் போயிட்டான், சந்தோஷப்படுன்னாங்க."

லோதார் மறுபடி காலால் புல்லை விலக்கினார்.

"அந்தப் பாதிச் சாக்லேட்டையும் நானே தின்னுட்டேன். வேற என்ன பண்றதுன்னு தெரியல."

நான் அவர் கையைப் பிடித்தேன். குளிர்ந்து கட்டைபோல் இருந்தது. கோயிலுக்குள் எங்கள் கூட்டம் இன்னும் பாடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அங்கே மெலிசாகக் கேட்டது.

குடையை விரித்தபடி ப்ரூனிங் அம்மாள் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். "என்னங்க, குழாயடியில நின்னுட்டீங்க? கோயிலைப் பார்க்க வந்தீங்களா, மழையைப் பார்க்க வந்தீங்களா?"

"இங்க இல்லத்துப் பிள்ளைங்களோட கல்லறை இருந்துச்சு" என்றார் லோதார்.

"அதுவா? அதைச் சமப்படுத்தி எவ்வளவோ காலம் ஆச்சே. எந்தக் கல்லறையா இருந்தாலும் இடத்தோட குத்தகைத் தவணை முடிஞ்சா எடுத்துடுவாங்க, உங்க ஊர்லயும் அப்படித்தானே? வீட்டுக்காரங்க வந்து நீட்டிக்கச் சொன்னாத்தான் விடுவாங்க."

"யார்கிட்ட கேட்டாங்க?"

"யாரு இருந்தாங்க கேட்க?" என்று கையை விரித்தவர், லோதாரின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். குடையை மெல்ல அவர் தலைக்கு மேல் கொண்டுவந்தார். "மன்னிச்சுக்குங்க. நீங்க இங்க இருந்தவரா?"

லோதார் தலையசைத்தார்.

அந்த அம்மாளின் கலகலப்பு எங்கேயோ போய்விட்டது. "எனக்கு உங்களையெல்லாம் தெரியும்" என்றார். "அதாவது, பார்த்திருக்கேன். ஜோடி ஜோடியா கோயிலுக்கு நடந்து வருவீங்க. உங்ககூடப் பேசக்கூடாதுன்னு வீட்டுல சொல்லுவாங்க." பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அந்தக் காலத்துச் சிஸ்டர் ஒருத்தர் இன்னும் இருக்காங்க. பின்னால முதியோர் இல்லத்துல. சிஸ்டர் பெனிக்னா. மாலை ஜெபத்துக்கு முன்னாடி சக்கர நாற்காலியில கொண்டுவந்து விடுவாங்க. பார்க்கணும்னா பாருங்க. பார்க்கணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல."

மற்றவர்கள் கேக் கடைக்குப் போனார்கள். நாங்கள் கோயிலில் உட்கார்ந்தோம். போய்விடலாம் என்று நான் சொன்னேன். லோதார் இருக்கையை விட்டு எழவில்லை.

சிஸ்டர் பெனிக்னாவை ஒரு பணிப்பெண் தள்ளிக்கொண்டு வந்து முன்வரிசை அருகே விட்டுவிட்டுப் போனாள். சுருங்கிப் போன சின்ன உருவம். முக்காட்டுக்குள் முகம் ஒரு கையளவுதான் இருந்தது. லோதார் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்வரிசையில்.

"சிஸ்டர், நீங்க சிறுவர் இல்லத்துல இருந்தீங்களா?"

"இருந்தேன்" என்றார் அவர். குரல் தெளிவாக இருந்தது. "சமையல்கட்டுல."

"நோயறையில இருந்தீங்க."

அவர் விரல்கள் ஜெபமாலையில் நின்றன. "யாரு நீங்க?"

"ஷ்டாம்மன்" என்று எங்கள் குடும்பப் பெயரைச் சொன்னார் லோதார்.

"ஷ்டாம்மன்..." கண்ணை இடுக்கிப் பார்த்தார். "பாடுற பையன். நீ அந்தப் பாடுற பையன்தானே? எவ்வளவு பெருசா ஆயிட்ட நீ!"

"நீங்கன்னு சொல்லுங்க, சிஸ்டர்" என்றார் லோதார். "நான் இப்ப பையன் இல்ல."

நான் அவரை அவ்வளவு கடுமையாகப் பேசிக் கேட்டதில்லை. சிஸ்டர் ஒரு கணம் விழித்தார். பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்க" என்றார். "சரி. நீங்க."

"என் தம்பி நோர்பெர்ட். அவன் எப்படிச் செத்தான்?"

"நுரையீரல்ல சளி கட்டி..."

"அது தெரியும். எப்படிச் செத்தான்?"

"அமைதியா. தூக்கத்துல. நீங்க பாடினதைக் கேட்டுக்கிட்டே."

"நோயறை எந்தப் பக்கம் இருந்துச்சு? அப்ப நான் சின்னப் பையன், எனக்கு மறந்துபோச்சு. இங்க பாடினா அங்க கேட்குமா?"

சிஸ்டர் முகத்தை முன்னால் திருப்பிக்கொண்டார். பலிபீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய்யைத் திரும்பச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட ஆசைப்பட்டேன். இத்தனை காலம் அந்தப் பொய்தான் லோதாரைத் தாங்கியிருக்கிறது. இன்னும் கொஞ்ச காலம் தாங்கட்டுமே.

"கேட்காது" என்றார் சிஸ்டர். "ஜன்னல் காய்கறித் தோட்டத்தைப் பார்த்து இருந்துச்சு. இங்க மணியடிச்சாக்கூட அங்க கேட்காது."

"அவன்கூட யாரு இருந்தா?"

"யாரும் இல்ல. ஆயர் வந்திருக்காரு, கோயில் நிறைஞ்சிருக்கணும், எல்லா சிஸ்டரும் வரணும்னு தலைமை சிஸ்டர் சொன்னாங்க. டாக்டரைக் கூப்பிடணும்னு காலையிலயே சொன்னேன். விழா முடியட்டும்னாங்க. எனக்குச் சின்ன வயசு. அவங்களைக் கண்டா எனக்கும் பயம்."

"கதவு?"

"என்ன?"

"கதவைத் தொறந்து வெச்சுட்டு வந்தீங்களா?"

இந்தக் கேள்வி எங்கிருந்து அவருக்குத் தோன்றியதோ தெரியவில்லை. சிஸ்டர் ஜெபமாலையை மடியில் வைத்தார்.

"பூட்டினேன்" என்றார். "அது வழக்கம். திரும்பி வந்தப்ப கதவுகிட்டக் கிடந்தான். கட்டில்ல இருந்து இறங்கி அவ்வளவு தூரம் வந்திருக்கான். நான்தான் தூக்கிக் கட்டில்ல போட்டேன், யாரும் வர்றதுக்கு முன்னாடி. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லியிருக்கேன். மனுஷங்ககிட்ட சொன்னதில்ல."

லோதார் அப்படியே உட்கார்ந்திருந்தார். அழவில்லை, ஏசவில்லை. அவர் முதுகு மட்டும் மெல்ல வளைந்துகொண்டே போனது.

"அன்னையில இருந்து ஒருநாள் தவறாம அவனுக்காக ஜெபிக்கிறேன்" என்றார் சிஸ்டர்.

"வேண்டாம்."

"என்ன சொல்றீங்க?"

"இனிமே அவனுக்காக ஜெபிக்காதீங்க. அவனை விட்டுடுங்க. அவன் பேரை நீங்க சொல்லக்கூடாது."

"அது என்னால முடியாதுங்க" என்று அந்தக் கிழவி அழ ஆரம்பித்தார். சத்தமில்லாத அழுகை. "எனக்கு அதைத் தவிர வேற என்ன இருக்கு?"

லோதார் எழுந்து வெளியே நடந்தார். நான் போகாமல் ஒரு நிமிடம் நின்றேன். எனக்கு அந்தச் சிஸ்டரை அறையவும் தோன்றியது, முக்காட்டைச் சரிசெய்து கண்ணைத் துடைத்துவிடவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் நானும் வெளியே வந்தேன்.

பேருந்தில் லோதார் கடைசி இருக்கைக்குப் போய்விட்டார். ஹார்ட்முட் காகிதத் துண்டில் சுற்றி ப்ளம்ஸ் கேக் கொண்டுவந்திருந்தார். என்னிடம் காதோரமாக, "என்ன ஆச்சு இவனுக்கு?" என்று கேட்டார். "அவனுக்கு ஒரு தம்பி இருந்தான்" என்று மட்டும் சொன்னேன். ஹார்ட்முட் போய் லோதாரின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊர் வரும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாழ்நாளில் ஹார்ட்முட் அவ்வளவு நேரம் வாயை மூடியிருந்தது அன்றுதான்.

அந்தக் குளிர்காலத்தில் லோதார் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போனார். பட்டறைக்குள் போய் உட்கார்ந்திருப்பார். உளி சத்தம் கேட்காது. எங்கள் வீட்டுக் கதவுகளை, கழிப்பறைக் கதவு உட்பட, சாத்த விடமாட்டார். பேரப்பிள்ளைகள் வந்தால் கேலி செய்வார்கள். "தாத்தா, குளிர் உள்ள வருது" என்பார்கள். "வரட்டும்" என்பார்.

சுவரோரம் ஒரு பெயர்ப் பலகை வைக்க முடியுமா என்று நான் ஹார்டெஸ்போர்ன் கோயிலின் பங்குச் சபையிடம் கேட்டேன். ப்ரூனிங் அம்மாள் எங்களுக்காக அங்கே எழுந்து சண்டையே போட்டாராம். கடைசியில் ஒரு பலகை வைத்தார்கள். 'இங்கு வாழ்ந்த பிள்ளைகளின் நினைவாக' என்று பொதுவாக ஒரு வரி. பெயர் போட்டால் எல்லாப் பெயரும் போட வேண்டும், அது சிக்கல் என்றார்கள். திறப்புக்கு அழைத்தார்கள். லோதார் போகவில்லை.

ஆனால் சிஸ்டர் பெனிக்னா இறந்த செய்தியை ப்ரூனிங் அம்மாள் தொலைபேசியில் சொன்னபோது, "போகணும்" என்றார்.

"எதுக்கு?"

"தெரியல. போகணும்."

போனோம். ஈஸ்டருக்கு முந்தைய வாரம், சகதியும் காற்றுமாக இருந்தது. கன்னியர்களுக்கென்று கல்லறைத் தோட்டத்தின் நடுவில் தனி இடம். ஒரே மாதிரியான சின்னக் கற்கள், வரிசை வரிசையாக. ஒவ்வொன்றிலும் பெயர், பிறந்த நாள், இறந்த நாள். தலைமை சிஸ்டரின் கல்லும் இருந்தது. அதன் மேல் யாரோ புதிதாகப் பூ வைத்திருந்தார்கள். லோதார் அதற்கு எதிரே வெகுநேரம் நின்றார்.

குழிக்குள் ஒவ்வொருவராக ஒரு சிறு கரண்டி மண் போட்டார்கள். லோதாரின் முறை வந்தது. கரண்டியை வாங்கினார். மண்ணை எடுத்தார். கையில் வைத்துக்கொண்டு நின்றார், பின்னால் இருந்தவர்கள் செருமுகிற அளவுக்கு. பிறகு மண்ணைத் திரும்பக் குவியலிலேயே கொட்டிவிட்டு, கரண்டியை அடுத்தவர் கையில் கொடுத்தார்.

வெளியே வந்ததும், "என்னால முடியல, ஹைட்ரூன்" என்றார். "போடலாம்னுதான் வந்தேன்."

"பரவாயில்ல. முடியாட்டா முடியாது."

"அவங்களாவது உண்மையைச் சொன்னாங்க. அதுக்காகவாவது போட்டிருக்கலாம்."

நான் அவர் கையைக் கோத்துக்கொண்டேன். அவருக்காக அதைச் சரியென்றோ தவறென்றோ சொல்ல நான் யார்?

அடுத்த குளிர்காலத்தில் லோதார் இறந்துபோனார். இதயம் என்றார் மருத்துவர். நான் பக்கத்தில் இருந்தேன். கதவு திறந்தே இருந்தது. ஹார்ட்முட்டும் குழுவின் ஆண்களும் பெட்டியைச் சுமந்தார்கள்.

அவர் கல்லறைக் கல்லில் இரண்டு பெயர்கள் வெட்ட வேண்டும் என்று கல்தச்சரிடம் சொன்னேன்.

"ரெண்டாவது உங்க பேரா? முன்கூட்டியே போட்டுக்கிறவங்க இருக்காங்க."

"இல்ல. நோர்பெர்ட் ஷ்டாம்மன். அவர் தம்பி."

"அவரும் இங்கதான் இருக்காரா?"

"இல்ல. அவன் வேற ஊர்ல இருக்கான்."

கல்லறைத் தோட்ட அலுவலகத்தில் இதற்கு ஒத்துக்கொள்வார்களா தெரியாது என்று கல்தச்சர் முனகினார். அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். அவர் பென்சிலை எடுத்து, பிறந்த நாள், இறந்த நாள் கேட்டார். லோதாரின் நாட்களைச் சொன்னேன். தம்பியுடையது எனக்குத் தெரியாது. கோடையில் பிறந்தவன், வெளிர் பொன்னிற முடிக்காரன் என்பதற்கு மேல் லோதாருக்கே தெரிந்திருக்கவில்லை.

"அப்ப அந்த இடத்துல என்னங்க போடறது?" என்று கேட்டார் கல்தச்சர்.

"பேர் மட்டும் போதும்" என்றேன். "பெரிய எழுத்தா வெட்டுங்க."